நிறம் மாறும் கண்ணாடி: நுண்துளை உலோக ஆக்சைடுப் படலங்களும் எண்ணூரின் சாம்பலும்

ஒளியை இல்லத்திற்குள் அழைக்க வேண்டும். வெம்மையை வாசலிலேயே நிறுத்த வேண்டும். வெப்ப நாடுகளில் கட்டடம் எழுப்பியோர் அனைவரும் எதிர்கொண்ட வினா இது. அரபுலகம் இதற்குத் தந்த விடைகளுள் புகழ்பெற்றது மஷ்ரபிய்யா. மரக்கடைசல் துண்டுகளைக் கோத்து அமைத்த இச்சாளரம் வெயிலைச் சிறு சிறு புள்ளிகளாக உடைத்து உள்ளே விடும், காற்றைத் தடுக்காது. ‘பருகுதல்’ எனப் பொருள்படும் ‘ஷரிப’ என்னும் வேரிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பர். நீர்க்குடங்களை இச்சாளர மாடத்தில் வைத்துக் குளிரச் செய்த வழக்கத்தை அது நினைவூட்டுகிறது. யமனிலும் எகிப்திலும் சுதைச் சட்டங்களில் வண்ணக் கண்ணாடி பதித்த சாளரங்களுக்குக் கமரிய்யா என்றும் ஷம்ஸிய்யா என்றும் பெயர் வழங்கின. ஒன்று நிலவின் பெயரையும் மற்றொன்று கதிரவனின் பெயரையும் தாங்கியிருப்பது, அச்சாளரங்கள் எதன் பொருட்டு அமைந்தன என்பதைச் சொல்லாமற் சொல்கிறது.

1987-இல் பாரிஸ் நகரில் எழுந்த அரபுலக நிறுவனக் கட்டடத்தின் தென்முகத்தை, மஷ்ரபிய்யாவை மனத்திற்கொண்டே ழான் நூவெல் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்தார். ஒளிப்படக் கருவியின் கண்போல விரியவும் சுருங்கவும் வல்ல உலோக இதழ்கள் கொண்ட 240 பலகைகள் அங்குப் பொருத்தப்பட்டன. வெயில் மிகும்போது அவை சுருங்கும், குறையும்போது விரியும். அறிவார்ந்த அமைப்புத்தான். ஆயினும் அசையும் உறுப்பு எதுவும் தேயும் என்னும் விதிக்கு அவையும் விலக்காகவில்லை. காலப்போக்கில் பல இதழ்கள் இயங்காமல் நின்றன.

அசையும் உறுப்பு ஒன்றுமின்றிக் கண்ணாடியே தன் நிறத்தை மாற்றிக்கொண்டு வெயிலைக் கூட்டவும் குறைக்கவும் இயலுமா? இயலும் என்பதே வேதியியல் தரும் விடை. மயிரிழையின் பருமனில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லாத உலோக ஆக்சைடுப் படலம் ஒன்றைக் கண்ணாடிமீது படியச் செய்து, கைவிளக்கின் மின்கலங்கள் தரும் அளவே மின்னழுத்தம் கொடுத்தால், தெளிந்த கண்ணாடி கருநீலமாகும். மின்திசையை மாற்றினால் மீண்டும் தெளியும். இவ்வியல்பை மின்நிறமாற்றம் என்கிறோம். அது நிகழும் விதத்தையும், படலத்தில் நுண்துளைகளை வேண்டுமென்றே உண்டாக்கும் முறைகளையும், வடசென்னை மக்களுக்கும் இதற்கும் உள்ள தொடர்பையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

எண்ணூரின் கணக்கு

முதலில் தொடர்பைச் சொல்லிவிடுவோம். இராயபுரத்திலிருந்து கடலோரமாக வடக்கே சென்றால் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இப்பகுதியில்தான் சென்னைக்கு ஒளியும் குளிர்ச்சியும் தரும் மின்னாற்றலின் பெரும்பகுதி பிறக்கிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதற்கட்டம் 630 மெகாவாட் திறனுடையது. இரண்டாம் கட்டம் 1,200 மெகாவாட். வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் ஒன்று இயங்குகிறது. 2024-இல் 800 மெகாவாட் திறனுள்ள மூன்றாம் கட்டமும் வடசென்னை நிலையத்தில் சேர்ந்தது. இவை அனைத்தும் உண்பது நிலக்கரி.

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 45 விழுக்காடு வரை உண்டு. ஒரு யூனிட் மின்சாரம் பிறக்க ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிய வேண்டும். ஓர் அறையின் குளிர்சாதனம் நாள் ஒன்றுக்கு 10 யூனிட் உண்பதாகக் கொள்வோம். அதன் பின்னே 7 கிலோ நிலக்கரியும், குறைந்த கணக்கில் இரண்டு கிலோ சாம்பலும் நிற்கின்றன. அச்சாம்பல் நீரோடு கலந்து குழாய்வழியே சாம்பற் குளங்களுக்குச் செல்கிறது. குழாய் கசியும்போது அது ஆற்றிலும் கழிமுகத்திலும் படிகிறது. ஆற்றின் ஆழம் குறைகிறது. இறாலும் நண்டும் மீனும் அருகுகின்றன. இது குறித்து எண்ணூர், காட்டுக்குப்பம் மீனவர்கள் எழுப்பிய முறையீடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது நாடறிந்த செய்தி.

நகரின் தெற்கே கண்ணாடி மாளிகைகள் எழுகின்றன. அவற்றைக் குளிர்விக்கும் சுமையின் சாம்பல் நகரின் வடக்கே விழுகிறது. குளிர்ச்சியை நுகர்வோர் வேறு, அதன் விலையைச் செலுத்துவோர் வேறு. ஆகவே ஒரு சாளரத்தின் வழியே எவ்வளவு வெயில் புகுகிறது என்னும் வினா வெறும் கட்டடக் கலை வினாவன்று. அது நீதி பற்றிய வினாவும் ஆகும். நிறம் மாறும் கண்ணாடியை நாம் அறிய முற்படுவது இக்காரணம் பற்றியே.

நிறம் எங்கிருந்து வருகிறது?

ஹிஜ்ரி 354-இல் (கி.பி. 965) பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைஸம், தம் கிதாபுல் மனாழிர் என்னும் ஒளியியல் நூலில் ஒளியையும் நிறத்தையும் இணைத்தே ஆராய்ந்தார். நிறமுள்ள ஒளிபுகு பொருளின் ஊடே சென்ற ஒளி, அந்நிறத்தையும் உடன்கொண்டு எதிர்ச்சுவரில் விழுவதை அவர் கவனித்திருந்தார். அப்பொருள் ஏன் அந்நிறத்தைப் பெற்றது என்பதற்கு விடை காண அணுக்களின் கட்டமைப்பு தெரியவேண்டியிருந்தது. அதற்கு இன்னும் 900 ஆண்டுகள் சென்றன.

எனினும் உலோகச் சேர்மங்களை ‘ஒடுக்கி’ நிறம் பெறும் கைத்திறன் முஸ்லிம் கைவினைஞர்களிடம் முன்னரே இருந்தது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், அப்பாஸியர் ஆண்ட இராக்கில், பளபளக்கும் மெருகுப் பீங்கான்கள் உருவாயின. வெள்ளி, செம்பு ஆகியவற்றின் சேர்மங்களைப் பீங்கானின் மேற்பூச்சில் தீட்டி, காற்றைக் குறைத்துப் புகை நிரம்பிய சூளையில் சுடுவர். புகை அச்சேர்மங்களிலுள்ள உயிர்வளியைப் பறிக்கும், நுண்ணிய உலோகத் துகள்கள் பூச்சினுள் பிறக்கும், பொன்னொளி வீசும். காஷான் நகரத்துக் குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காஸிம் 1301-இல் எழுதிய பாரசீக நூலில் இம்முறை விளக்கப்பட்டுள்ளது. வேதியியல் மொழியில் சொன்னால், சூளையின் புகை அங்கு உலோகத்திற்கு எலக்ட்ரான்களைக் கொடுத்தது. நாம் பேசும் கண்ணாடியில் அவ்வேலையை மின்சாரம் செய்கிறது. இரண்டும் ஒன்றல்ல, பீங்கானில் பிறந்த நிறம் நிலைத்துவிடும், கண்ணாடியில் பிறக்கும் நிறம் திரும்பிப் போகும். எனினும் எலக்ட்ரானை ஏற்ற உலோகச் சேர்மம் நிறம் மாறும் என்னும் அடிப்படை பொதுவானது.

டங்ஸ்டன் என்பது பழைய மின்குமிழ் விளக்குகளில் இழையாக ஒளிர்ந்த உலோகம். அதன் ஆக்சைடு வெளிர்மஞ்சள் தூள். 1815-இல் ஸ்வீடன் நாட்டு பெர்சீலியஸ், அத்தூளை ஹைட்ரஜன் வாயுவில் சூடேற்றியபோது நிறம் மாறக் கண்டார். 1824-இல் ஜெர்மானியர் வோலர், சோடியத்தைக் கொண்டு அத்தகைய மாற்றத்தை உண்டாக்கினார். மின்சாரத்தால் இதனை மென்படலத்தில் நிகழ்த்தி உலகறியச் செய்தவர் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்த எஸ்.கே. தேப். அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் பணியாற்றியபோது 1969-லும் 1973-லும் அவர் வெளியிட்ட கட்டுரைகளே இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகின்றன. ஸ்வீடனின் கிரான்க்விஸ்ட் 1980-களில் இதனைச் சாளரங்களுக்குக் கொண்டுவரும் முயற்சியை முன்னெடுத்தார். ‘மதிநுட்பச் சாளரம்’ என்னும் வழக்கும் அக்காலத்திலேயே பரவியது.

இனி நிகழ்வைப் பார்ப்போம். டங்ஸ்டன் ஆக்சைடில் ஒவ்வொரு டங்ஸ்டன் அணுவும் ஆறு எலக்ட்ரான்களை இழந்த நிலையில் இருக்கிறது. அந்நிலையில் அது கண்ணுக்குப் புலப்படும் ஒளியைப் பெரும்பாலும் உறிஞ்சுவதில்லை. மெல்லிய படலமாக இருக்கையில் தெளிவாகவே தோன்றும். இப்படலத்தை எதிர்மின்முனையாக்கினால் எலக்ட்ரான்கள் ஒருபுறமிருந்து நுழைகின்றன. மின்சமன் குலையாதிருக்க, லித்தியம் அல்லது ஹைட்ரஜன் அயனிகள் மறுபுறமிருந்து நுழைகின்றன. எலக்ட்ரானைப் பெற்ற டங்ஸ்டன் அணு, ஐந்து எலக்ட்ரான்களையே இழந்த நிலையை அடைகிறது. இப்போது ஐந்தும் ஆறும் அண்டை வீட்டாராக உள்ளனர். மிகையான எலக்ட்ரான் ஓர் அணுவிலிருந்து அடுத்த அணுவிற்குத் தாவ வேண்டுமாயின் ஆற்றல் வேண்டும். அதனைச் செவ்வொளியிலிருந்தும் அகச்சிவப்புக் கதிரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. சிவப்பு குறைந்த ஒளி நீலமாகத் தெரிகிறது. வெம்மையைச் சுமந்து வரும் அகச்சிவப்பும் சேர்ந்தே தடுக்கப்படுவது நமக்குக் கிடைக்கும் இரட்டைப் பயன்.

நிக்கல் ஆக்சைடின் போக்கு இதற்கு நேர்மாறானது. எலக்ட்ரான்களை இழக்கும்போது அது பழுப்பாகிறது, பெறும்போது தெளிகிறது. ஆகவே இரண்டையும் எதிரெதிரே வைத்தால், ஒன்றிலிருந்து வெளியேறும் அயனி மற்றொன்றினுள் நுழையும். இரண்டும் ஒருசேரக் கருக்கும், ஒருசேரத் தெளியும். நிறம் மாறும் சாளரம் ஒன்றின் அடுக்குகள் வருமாறு: கண்ணாடி, மின்கடத்தும் ஒளிபுகு பூச்சு, டங்ஸ்டன் ஆக்சைடு, அயனியை மட்டும் கடத்தும் மின்பகுளி, நிக்கல் ஆக்சைடு, மீண்டும் மின்கடத்தும் பூச்சு. மின்கடத்தும் பூச்சாகப் பெரும்பாலும் இண்டியமும் வெள்ளீயமும் கலந்த ஆக்சைடு பயன்படுகிறது. இவ்வமைப்பு மின்கலத்தைப் போன்றதே என்பதை வாசகர் உணர்ந்திருப்பர். ஆம், இச்சாளரம் மின்னேற்றம் பெறும்போது கறுக்கின்ற ஒரு மெல்லிய மின்கலமே.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்கிவிட வேண்டும். வெயிலில் தானே கறுக்கும் மூக்குக்கண்ணாடி வேறு வகை. அதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை, நம் விருப்பமும் அங்குச் செல்லாது. அலுவலகத் தடுப்புகளில் பொத்தானை அழுத்தியதும் பால்போல வெளிறும் கண்ணாடி திரவப் படிகத்தாலானது. அது பார்வையை மறைக்குமேயன்றி வெம்மையைப் பெரிதும் தடுக்காது. போயிங் 787 வானூர்தியின் மங்கும் சாளரத்தில் இருப்பது கரிமச் சேர்மங்கள் கொண்ட கூழ்மம். உலோக ஆக்சைடுக் கண்ணாடி இம்மூன்றினின்றும் வேறானது.

துளை எதற்கு?

அடர்ந்த படலத்தில் அயனி மேற்பரப்பிலிருந்து அடிவரை ஊர்ந்து செல்ல வேண்டும். திடப்பொருளினுள் அயனியின் நடை மிக மெதுவானது. அது கடக்கும் தொலைவு இருமடங்கானால் காலம் நான்கு மடங்காகும். தொலைவு பத்தில் ஒன்றானால் காலம் நூற்றில் ஒன்றாகும். இவ்விதியே துளையின் பயனைச் சொல்லிவிடுகிறது. படலத்தைப் பீர்க்கங்கூடு போல உள்ளெல்லாம் வழிகள் கொண்டதாக அமைத்தால், மின்பகுளி அவ்வழிகளில் நிரம்பும். அயனி எங்கும் சில நானோமீட்டர் தொலைவே திடப்பொருளினுள் செல்ல வேண்டியிருக்கும். பெருநாள் தொழுகைக்குத் திரளும் மக்கள் ஒரே வாசல் வழியே நுழைவதற்கும், நாற்புறமும் வாசல் திறந்த திடலுக்குள் நுழைவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆனால் துளையின் அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். துளைகள் அந்த அளவை நெருங்கினால் ஒளி சிதறிக் கண்ணாடி கலங்கித் தோன்றும். எனவே சில நானோமீட்டர் முதல் 50 நானோமீட்டருக்குள் துளைகள் அமைவதே நன்று. மேலும் துளை மிகும்தோறும் படலம் நொய்ம்மையடையும். மேற்பரப்பு மிகுவதால் வேண்டாத வேதிவினைகளும் மிகும். விரைவும் உறுதியும் எதிரெதிர்த் தட்டுகளில் நிற்கின்றன. நல்ல படலம் செய்வோரின் திறன் இவ்விரண்டையும் சமன்செய்வதில் இருக்கிறது.

படலம் செய்யும் முறைகள்

தொழிற்சாலைகளில் பெரிதும் வழங்குவது வெற்றிடத்தில் உலோகத்தைச் சிதறடித்துப் படியவைக்கும் முறை. வெற்றிடக் கலத்திலுள்ள வாயுவின் அழுத்தத்தைச் சற்று உயர்த்தினால், சிதறிய அணுக்கள் மோதி ஆற்றல் குறைந்து மெதுவாக வந்து படியும். அவ்வாறு படிந்த படலம் இடைவெளிகள் கொண்டதாக அமையும். இம்முறைக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவை.

இரண்டாவது, கரைசலிலிருந்து படலம் செய்யும் ஈரமுறை. டங்ஸ்டன் தூளை 30 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடில் சிறிது சிறிதாகக் கரைப்பர். அப்போது வெப்பம் கடுமையாக வெளிப்படுவதால் கலத்தைப் பனிக்கட்டியில் அமர்த்தி, காற்றோட்டமுள்ள புகைப்பெட்டிக்குள், பயிற்சி பெற்றவரே செய்யவேண்டிய பணி இது. வடிகட்டி, மிகைப் பெராக்சைடை நீக்கி, எத்தனால் சேர்த்தால் பூசத்தக்க கரைசல் கிடைக்கும். இதனோடு பாலிஎதிலீன் கிளைக்கால் போன்ற நீள்சங்கிலிச் சேர்மத்தைக் கலப்பர். மின்கடத்தும் பூச்சுள்ள கண்ணாடியை அக்கரைசலில் அமிழ்த்திச் சீரான வேகத்தில் மேலே இழுத்தால் மெல்லிய படலம் ஒட்டிக்கொள்ளும்; இழுக்கும் வேகமே பருமனைத் தீர்மானிக்கிறது. பின்னர் உலையில் 300 முதல் 400 பாகை செல்சியசில் சுட்டால் கரிமச் சேர்மம் எரிந்துபோக, அது இருந்த இடங்களே துளைகளாக எஞ்சும். படலத்தின் பருமன் சில நூறு நானோமீட்டர்.

சுடும் வெப்பத்தில் நுட்பம் உண்டு. குறைந்த வெப்பத்தில் சுட்ட படலத்தில் அணுக்கள் ஒழுங்கின்றி இருக்கும். அது விரைந்து ஆழ்ந்த நிறம் பெறும். ஆனால் நீர்மை கலந்த மின்பகுளியில் மெல்ல மெல்லக் கரையும். மிகுந்த வெப்பத்தில் சுட்டால் படிகமாகும். உறுதி கூடும், விரைவு குறையும், நுண்துளைகள் சிலவும் மூடிக்கொள்ளும். ஆய்வாளர் தம் உழைப்பின் பெரும்பகுதியை இவ்விடைப்பட்ட வெப்பநிலையைத் தேடுவதிலேயே செலவிடுகின்றனர்.

நிக்கல் ஆக்சைடுக்கு இன்னும் எளிய முறை உண்டு. நிக்கல் சல்பேட், பொட்டாசியம் பெர்சல்பேட், அம்மோனியா மூன்றும் கலந்த கரைசலில் அறை வெப்பத்திலேயே கண்ணாடியை நிறுத்திவைத்தால் சிறிது நேரத்தில் கரும்படலம் படியும். 300 பாகை அளவில் சுட்டபின் நுண்ணோக்கியில் பார்த்தால், மெல்லிய தகடுகள் ஒன்றையொன்று தாங்கித் தேனடைபோல் நிற்பது தெரியும். துளைக்கென்று தனியே எதுவும் கலக்கவேண்டியதில்லை. நிக்கல் உப்புகள் உடலுக்குத் தீங்கானவை என்பதால், எஞ்சிய கரைசலைச் சாக்கடையில் ஊற்றலாகாது. ஏற்கெனவே ஆலைக் கழிவுகளால் நலிந்த நிலப்பகுதியை மனத்தில் வைத்து எழுதும் நாம் இதனை அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

மூன்றாவது முறை, உலோகத்தையே நேர்மின்முனையாக்கி அதன் மேற்பரப்பில் ஆக்சைடை வளர்ப்பது. டங்ஸ்டன் அல்லது டைட்டானியத் தகட்டை ஃபுளூரைடு கலந்த மின்பகுளியில் வைத்து மின்னழுத்தம் தந்தால், ஒருபுறம் ஆக்சைடு வளரும். மறுபுறம் ஃபுளூரைடு அதனை அரிக்கும். வளர்ச்சியும் அரிப்பும் சமன்படும் நிலையில் நெருங்கிய துளைகளும், டைட்டானியத்தில் சீரான நுண்குழல்களும் உருவாகின்றன.

அலுமினியச் சட்டமும் அதே குடும்பம்

இம்மூன்றாம் முறை நமக்குப் புதியதன்று. கடையின் முகப்பிலும் வீட்டுச் சாளரத்திலும் பழுப்பாகவும் கறுப்பாகவும் பொருத்தப்படும் அலுமினியச் சட்டங்கள் இம்முறையிலேயே நிறம் பெறுகின்றன. அதனை ஆனோடைசிங் என்பர். 1923-இல் இங்கிலாந்தில் பெங்கோ, ஸ்டூவர்ட் இருவரும் கடல் வானூர்திகளின் அலுமினியக் கலவை உப்புநீரில் அரிபடாமல் காக்க இதனை உருவாக்கினர். இன்று அலுமினியத்தைக் கந்தக அமிலத்தில் வைத்து 15 முதல் 20 வோல்ட் மின்னழுத்தம் தருகின்றனர். மேற்பரப்பில் செங்குத்தான நுண்துளைகள் கொண்ட ஆக்சைடு அடுக்கு வளர்கிறது. பின்னர் வெள்ளீய உப்புக் கரைசலில் மாறுதிசை மின்சாரம் செலுத்தினால் துளைகளின் அடியில் உலோகத் துகள்கள் படிந்து பழுப்பு நிறம் தரும். இறுதியில் கொதிநீரில் இட்டால் துளைவாய்கள் மூடிக்கொள்ளும். நிறம் உள்ளே சிறைப்படும்.

உப்புக்காற்று வீசும் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இரும்புக் கம்பி சில ஆண்டுகளில் துருவேறிப் போகையில் அச்சட்டம் தாக்குப்பிடிப்பது இந்தப் படலத்தால்தான். சாளரத்தின் சட்டத்தில் இருப்பதும் நுண்துளை ஆக்சைடு, நாம் பேசும் கண்ணாடியில் இருப்பதும் நுண்துளை ஆக்சைடு. முன்னதில் துளைவாயை மூடி நிறத்தை நிலைநிறுத்துகிறோம். பின்னதில் துளைவாயைத் திறந்தே வைத்து நிறத்தை வரவும் போகவும் விடுகிறோம்.

காரைக்குடியின் பங்கு

தமிழகத்தில் இவ்வாய்வுக்கு உரிய நிலம் காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25 அன்று ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் இராதாகிருஷ்ணனால் திறந்துவைக்கப்பட்டது. இந்நிறுவனத்தாரும் அண்டையிலுள்ள அழகப்பா பல்கலைக்கழக இயற்பியலாரும் இணைந்து டங்ஸ்டன் ஆக்சைடு, மாலிப்டினம் ஆக்சைடுப் படலங்களை எலக்ட்ரான் கற்றையால் ஆவியாக்கிப் படியவைத்து, அவற்றின் நிறமாற்றத்தை ஆராய்ந்து, 2000-களின் முற்பகுதியில் பன்னாட்டு ஆய்விதழ்களில் வெளியிட்டனர். கோலாப்பூரின் சிவாஜி பல்கலைக்கழகம் கரைசலைத் தெளித்துப் படலம் செய்யும் எளிய முறையை வளர்த்தது. டில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகமும் இத்துறையில் நெடிது உழைத்தது. சென்னைக்கு அருகே திருப்பெரும்புதூரில் சாளரக் கண்ணாடி பெருமளவில் உருவாகிறது. அறிவும் இங்கே உண்டு. கண்ணாடியும் இங்கே உண்டு. இரண்டையும் இணைக்கும் பாலம் இன்னும் குறுகியதாகவே இருக்கிறது.

பயனும் வரம்பும்

இச்சாளரம் உண்ணும் மின்சாரம் எவ்வளவு? ஒரு சதுர சென்டிமீட்டர் படலம் நிறம் மாற ஏறத்தாழ 15 மில்லிகூலும் மின்னூட்டம் போதும். ஒரு சதுர மீட்டருக்கு அது 150 கூலும். மின்னழுத்தம் 2 வோல்ட் எனக் கொண்டால் ஆற்றல் 300 ஜூல். 10 வாட் விளக்கு ஒன்று அரை நிமிடம் எரிவதற்கு வேண்டிய ஆற்றல் இவ்வளவே. நிறம் மாறியபின் மின்னிணைப்பைத் துண்டித்தாலும் நெடுநேரம் அந்நிறம் நீடிக்கும்.

பயன் எவ்வளவு? மேற்குப் பார்த்த 2 சதுர மீட்டர் சாளரத்தில் பிற்பகலில் சதுர மீட்டருக்கு 500 வாட் வெயில் விழுவதாகக் கொள்வோம். வெறுங்கண்ணாடி அதில் 80 விழுக்காட்டை உள்ளே விட்டால் 800 வாட் வெப்பம் அறையில் சேரும். கறுத்த கண்ணாடி 10 விழுக்காட்டையே விட்டால் சேர்வது 100 வாட். தடுக்கப்பட்ட 700 வாட் வெப்பத்தை வெளியேற்றக் குளிர்சாதனத்திற்கு ஏறத்தாழ 230 வாட் மின்சாரம் வேண்டும். நான்கு மணி நேரத்தில் மிச்சமாவது ஏறக்குறைய 0.9 யூனிட், எண்ணூரில் எரியாமல் எஞ்சும் நிலக்கரி 600 கிராமுக்கு மேல், விழாமற்போகும் சாம்பல் 200 கிராம். ஒரு சாளரத்திற்கு இது சிறிது. ஆயிரம் சாளரங்கள் கொண்ட மாளிகைக்கு நாள்தோறும் 200 கிலோ.

வரம்புகளையும் மறைத்தல் ஆகாது. முதலாவது விலை; இது சாதாரணக் கண்ணாடியைவிடப் பன்மடங்கு மிகுதி. அமெரிக்காவில் இத்தொழிலில் பெருமுதலீடு செய்த வியூ என்னும் நிறுவனம் 2024-இல் கடன் தீர்க்க இயலா நிலையை அறிவித்து நீதிமன்றத்தை நாடியது. இரண்டாவது வேகம், ஆய்வகத்தில் சிறு துண்டு சில நொடிகளில் மாறினாலும், பெரிய சாளரம் விளிம்பிலிருந்து நடுவரை கறுக்கப் பல நிமிடங்கள் ஆகும். ஒளிபுகு பூச்சின் மின்தடையே காரணம். மூன்றாவது ஆயுள், கட்டடக் கண்ணாடி 20 ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டும், அதற்குப் பல்லாயிரம் முறை நிறம் மாறியும் படலம் களைக்கலாகாது. நான்காவது, கறுத்த கண்ணாடி வெயிலை உறிஞ்சுவதால் தானே சூடேறும். அவ்வெம்மை உள்ளே வராதிருக்க இரட்டைக் கண்ணாடியின் வெளிப்பலகையாகவே இதனைப் பொருத்த வேண்டும்.

இவற்றை எல்லாம் எண்ணிப் பார்த்தால் ஒரு முறைமை புலப்படுகிறது. தாழ்ந்த கட்டடங்களுக்கு இக்கண்ணாடி தேவையில்லை. வெளிப்புறத் தாழ்வாரமும், கீற்று வேலைப்பாடுள்ள திரையும், மரமும், கூரையில் வெண்பூச்சும் அதே வெயிலை மிகக் குறைந்த செலவில் தடுக்கும். மஷ்ரபிய்யாவின் அறிவு இன்றும் பழுதாகிவிடவில்லை. உட்புறத் திரைச்சீலை மட்டும் இதற்கு ஈடாகாது. அது தடுக்குமுன் வெம்மை உள்ளே வந்துவிடுகிறது. வெளியே எதனையும் தொங்கவிட இயலாத உயர்ந்த கட்டடங்கள், நோயாளி எழுந்து சென்று திரையிழுக்க இயலாத மருத்துவமனைகள் ஆகியவற்றின் மேற்குச் சாளரங்களே இக்கண்ணாடிக்கு உரிய இடம். குளிர்ச்சியை மிகுதியாக நுகரும் மாளிகைகள் தம் சுமையைத் தாமே குறைத்துக்கொள்ள இது ஒரு வழி. அவ்வளவில் இதன் செலவை அவர்கள் ஏற்பது முறையே.

இன்னொன்று. மேலே விளக்கிய ஈரமுறைகளுக்கு வெற்றிடக் கருவி வேண்டுவதில்லை. ஒரு நல்ல தராசு, ஒரு சிறு உலை, புகைப்பெட்டி, மின்னழுத்தத்தைச் சீராகத் தரும் கருவி, ஒளி கடக்கும் அளவைக் காட்டும் அளவி ஆகியவை இருந்தால் பட்டமேற்படிப்பு மாணவர்கள் தொடங்கிவிடலாம். விலை, வேகம், ஆயுள் என்னும் மூன்று முடிச்சுகளும் பெரிதும் படலத்தின் துளையமைப்பையும் மின்பகுளியையும் சார்ந்தவை. அவை இன்னும் முழுதாக அவிழவில்லை. சாம்பலின் சுமையைத் தம் வீட்டு வாசலில் கண்டு வளர்ந்த வடசென்னைப் பிள்ளைகள், அம்முடிச்சுகளை அவிழ்க்கும் வேதியியலை நாடிச் செல்வார்களாயின் அதைவிடப் பொருத்தமான வேறொன்றை நாம் எண்ணிப்பார்க்க இயலவில்லை. நம் கல்வி அறக்கட்டளைகள் வழங்கும் உதவித்தொகைகள் பொறியியல், மருத்துவம் என்னும் இரு வாசல்களில் மட்டும் நின்றுவிடாமல், அடிப்படை அறிவியல் பயிலும் மாணவ மாணவியரையும் சென்றடைய வேண்டும் என்பதையும் இவ்விடத்தில் முன்வைக்கிறோம்.